மூக்கு லாரிக்கு (இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய லாரி) எந்த இன்ஜின்?

கேள்வி: தாத்தா 1959-ல் வாங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 312 லாரி எங்கள் களத்தில் நிற்கிறது. போன கோடையில் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாததைக் கவனிக்காமல் ஓட்டி, பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலில்) வெடிப்பு விட்டுவிட்டது. ஒரு மெக்கானிக் கம்மின்ஸ் இன்ஜின் போடச் சொல்கிறார், இன்னொருவர் டாடாவின் 697 என்கிறார், வயதான மேஸ்திரி ஒருவர் 692 போதும் என்கிறார். திருவிழாவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் ஓடினால் போதும். எதைப் போடலாம்? கழற்றும் இன்ஜினை எடைக்குப் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: மேஸ்திரி சொல்வதுதான் சரி. ஆனால் அதற்கும் முன்னால், வெடிப்பு எந்த இடத்தில் என்று நீங்கள் எழுதவே இல்லையே! தண்ணீர் ஓடும் வெளிச்சுவரில் மட்டும் என்றால் வேறு இன்ஜினே வேண்டாம். வெடிப்பு நெடுக ஓட்டை போட்டு, திருகாணிகளை ஒன்றோடொன்று கவ்வ முடுக்கித் தைத்துவிடுவார்கள். வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், வார்ப்பிரும்பு அந்தச் சூட்டில் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் விட்டுக்கொள்ளும். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) உட்காரும் மெயின் பேரிங் பக்கம் வெடிப்பு போயிருந்தால்தான் பிளாக் முடிந்த கதை.

முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். டாடா இன்ஜின்களின் பெயரிலேயே அளவு இருக்கிறது: 692 என்றால் 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 697 என்றால் 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர். (407 வண்டியில் வந்த 497-க்கும் இதே கணக்குதான், அது 4 சிலிண்டர்.) உங்கள் 312-க்கு போர் 90, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120, மொத்தம் 4,580 சிசி. 692-க்கும் ஸ்ட்ரோக் அதே 120தான், 4,788 சிசி வரும், அதாவது இருநூறு சிசி சொச்சம்தான் கூடுதல். 697-ல் ஸ்ட்ரோக்கும் 128 ஆகி 5,675 சிசிக்குப் போய்விடுகிறது, கம்மின்ஸ் 5.9 லிட்டர், அதுவும் டர்போவோடு.

கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். இன்ஜின் சுற்றுகிற முறுக்கு முழுவதையும் தாங்க வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கிற கிளட்ச், கியர்பாக்ஸ், ஜாயின்ட், பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்கள், அத்தனையும் அறுபது வயது தாண்டியவை, பல் உடைந்தால் ஒரிஜினல் சாமானுக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? பிரேக்கும் அந்தக் காலத்து வேகத்துக்குப் போட்டது. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் பெரிய இன்ஜினை ஏற்றி, இரண்டாம் மாதமே கிரவுன் போய், பிறகு ஆக்சிலை மாற்றி, அதற்காக பிரேக்கை மாற்றி, கடைசியில் அந்த வண்டியில் பழையது என்று மிஞ்சியது மூக்கும் ஹாரனும்தான்.

692-ல் இன்னொரு சௌகரியம், அது டைரக்ட் இன்ஜெக்ஷன், டீசலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும். உங்கள் 312 முன்அறை வைத்த இன்ஜின், டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் பற்றும், மார்கழிக் காலையில் தாத்தா ஹீட்டர் பிளக் காயும்வரை சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த வேலை இதில் இல்லை.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். வெள்ளிப் பெயின்ட் அடித்து ஜொலித்த ஒன்றை வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன். முந்தின நாளிலிருந்து ஸ்டார்ட் செய்யாத இன்ஜினாகக் கேளுங்கள், கையைப் பிளாக்கில் வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடியுங்கள். லேசாக மூச்சு விட்டால் பரவாயில்லை, குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்து போச்சு. கிராங்க் எத்தனை முறை அரைத்தது என்று கேளுங்கள், கடைசி அளவுக்கு அரைத்திருந்தால் அடுத்த முறை அரைக்க அதில் ஒன்றும் இருக்காது. பழைய சாமான் கடைகள் இருக்கும் சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும் எண் ராவிய இன்ஜின் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அப்புறம் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் சம்பின் (ஆயில் தேங்கும் அடித்தொட்டியின்) பள்ளம் முன்பக்கமா பின்பக்கமா, ஃபேன் எந்த உயரத்தில் வருகிறது, கிளட்ச் பிளேட்டின் நடுப்பல்லும் கிளட்சை மூடும் பெல் ஹவுசிங் கூட்டின் போல்ட் ஓட்டைகளும் உங்கள் கியர்பாக்ஸோடு சேர்கிறதா என்று அளந்துவிடுங்கள். சேஸை வெட்டச் சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடவே வேண்டாம்.

இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருப்பதால் கை வைப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், வாங்கிய பில்லும் பத்திரம். ஆர்.சி., எஃப்.சி. இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பழைய இன்ஜினை எடைக்குப் போடுவதா? கூடாது. டெய்ம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் 1969-ல் முடிந்து டாடாவின் மூக்கில் நட்சத்திரம் போய் 'டி' வந்த பிறகு, அந்த நட்சத்திரக் காலத்து இன்ஜின் சாமான் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெட், பம்ப், மேனிஃபோல்டு எல்லாவற்றையும் டீசலில் கழுவி, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றிக் களத்துக் கொட்டகையில் போட்டுவையுங்கள். தைக்கத் தெரிந்த ஆள் நாளைக்கே அகப்பட்டாலும் அகப்படுவார்.