எட்டு பைட் மிச்சம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பழைய ஆடியோ சிடிக்களைக் கணினிக்கு மாற்றுவது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு நானும் அந்த வேலையில் இறங்கினேன். அப்பா மைக் செட் வைத்திருந்தவர். திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் பதிவுசெய்து அவர் எழுதிவைத்த சிடிக்கள் 140 இருக்கின்றன. டிரைவுக்குக் கட்டளை அனுப்ப உதவும் லிப்எஸ்சிஜி லைப்ரரியை வைத்து சி மொழியில் சிறிய நிரல் ஒன்று எழுதினேன். லினக்ஸ் லேப்டாப். டிரைவ் ஒரு பழைய சாட்டா ரைட்டர், அதை யூஎஸ்பி பெட்டியில் போட்டு இணைத்திருக்கிறேன். இதுவரை 31 சிடி எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது.

நண்பன் ஒருவன் "எஸ்சிஜிசெக் என்ற சோதனைக் கருவியை ஓட்டிப் பார்" என்றான். ஓட்டினேன். சாதாரணக் கட்டளைச் சோதனை தேறியது. மிச்சக் கணக்குச் சோதனை தோல்வி. சென்ஸ் (பிழை விளக்கத்) தகவல் 18 பைட் தேறியது, 32 பைட் தோல்வி. மிச்சக் கணக்கில் வந்த இரண்டு வரிகளைத் தமிழில் தருகிறேன். முறை 00: எதிர்பார்த்தது 36, சொன்னது 44, கண்டது 36. முறை எஃப்எஃப்: எதிர்பார்த்தது 36, சொன்னது 44, கண்டது 44.

லைப்ரரியில் பிழையா? வேறு லைப்ரரிக்கு மாற வேண்டுமா? இல்லை, வேலைதான் நடக்கிறதே என்று விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

விடக் கூடாது. லைப்ரரியையும் மாற்ற வேண்டாம். எடுத்துவைத்த 31 சிடிக்களை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டு வரிகளிலேயே காரணம் இருக்கிறது.

முதலில் அந்தக் கருவியைப் பற்றி. லிப்எஸ்சிஜியை எழுதியவர் பெர்லினைச் சேர்ந்த யோர்க் ஷில்லிங். சிடி எழுதும் நிரலான சிடிரெக்கார்டை எழுதியவரும் அவர்தான். 2021இல் காலமானார். சொலாரிஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, விண்டோஸ் என்று எங்கே ஓடினாலும் மேலே இருக்கும் நிரல் ஒரே மாதிரி ஸ்கஸி கட்டளை (டிஸ்க், சிடி டிரைவ் போன்றவற்றோடு பேசும் பொது மொழி) அனுப்ப வேண்டும், அதற்காகத்தான் அந்த லைப்ரரி. ஆனால் கீழே ஒவ்வொரு இயங்குதளமும் கட்டளையை ஒவ்வொரு வழியில் எடுத்துப்போகிறது. அந்த வழி ஒழுங்காக இருக்கிறதா என்று டெர்மினலில் உட்கார்ந்தபடியே பார்ப்பதற்கு எஸ்சிஜிசெக். பெயரைப் பார்த்தால் லைப்ரரியை மட்டும் சோதிப்பது போலத் தெரியும். உண்மையில் அது சோதிப்பது முழுப் பாதையையும். உங்கள் விஷயத்தில் லைப்ரரி, இயங்குதளத்தின் மையமான கெர்னல், யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் சிப், டிரைவ் என்று நான்கு பேர் கைமாறித்தான் பதில் வருகிறது. கடைசியில் "தோல்வி" என்று ஒரே ஒரு சொல் வரும்போது, நான்கு பேரில் யார் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அது செய்யும் சோதனை எளிமையானது. இன்குவயரி என்று ஒரு கட்டளை உண்டு, ஹெக்ஸ் என்னும் பதினாறு அடிமான முறையில் அதன் எண் 12. "நீ யார்" என்று டிரைவைக் கேட்பது. பதிலில் முதல் பைட் எந்த வகைச் சாதனம் என்பதைச் சொல்லும்; சிடி டிரைவ் என்றால் 5. முதல் எட்டு பைட்டுக்கு அடுத்து எட்டு எழுத்து தயாரிப்பாளர் பெயர், அடுத்து பதினாறு எழுத்து மாடல், கடைசி நான்கு எழுத்து பதிப்பு எண். மொத்தம் 36 பைட். இப்போது கட்டளைக்குள் 36 என்று எழுதி, பதில் வாங்கும் பஃபரை, அதாவது நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தை, மட்டும் 44 பைட்டாக வைத்தால் என்ன ஆக வேண்டும்? டிரைவ் 36 பைட் தரும். எட்டு பைட் மிச்சம் என்று பாதை முழுக்கத் தகவல் வர வேண்டும். மேலே இருக்கும் நிரல் அந்த மிச்சத்தைக் கழித்து, தனக்கு வந்தது 36தான் என்று தெரிந்துகொள்ளும்.

இங்கே ஷில்லிங் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். மிச்சம் எவ்வளவு என்று கீழே இருப்பவர்கள் சொல்வதை அவர் அப்படியே நம்பவில்லை. கட்டளை அனுப்பும் முன் பஃபர் முழுவதையும் 00 என்று நிரப்பிவைக்கிறார். பதில் வந்ததும், கடைசியாக எந்த பைட் மாறியிருக்கிறது என்று பின்னாலிருந்து எண்ணுகிறார். அதுதான் "கண்டது". ஆனால் டிரைவே கடைசியில் 00 அனுப்பியிருந்தால் அது நிரப்பிய 00வோடு கலந்துவிடும். அதனால் இரண்டாவது முறை எஃப்எஃப் என்று நிரப்பி அதே கட்டளையை மறுபடி அனுப்புகிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் பஃபரில் உண்மையில் யார் எங்கே கை வைத்தார்கள் என்று தெரிந்துவிடும்.

சரி, உங்கள் வரிகளுக்கு வருவோம். 00 நிரப்பியபோது 36 வரைதான் மாற்றம். எஃப்எஃப் நிரப்பியபோது 44 வரை மாற்றம். அப்படியென்றால் 37ஆவது பைட்டிலிருந்து 44ஆவது வரை யாரோ எட்டுப் பூஜ்யங்களை எழுதியிருக்கிறார்கள். நீங்கள் வைத்த 00 மேல் 00 விழுந்தபோது கண்ணுக்குத் தெரியவில்லை. எஃப்எஃப் மேல் விழுந்தபோது தெரிந்துவிட்டது. கெர்னலோ லைப்ரரியோ கணக்கை மட்டும் தொலைத்திருந்தால் அந்த எட்டு பைட்டும் எஃப்எஃப் ஆகவே இருந்திருக்கும், இரண்டு முறையிலும் 36 என்றே வந்திருக்கும். டிரைவும் அப்படிச் செய்திருக்காது. அதற்குப் போன கட்டளையில் 36 என்றுதான் இருந்தது, 44 என்ற எண்ணே அதற்குத் தெரியாது. 44ம் தெரிந்து, பூஜ்யம் நிரப்பவும் வழி உள்ளவர்களில் முதல் சந்தேகம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப் மேல்தான்.

யூஎஸ்பியில் ஸ்கஸி கட்டளை போகும் விதம் இது: கணினி 31 பைட் உறை ஒன்றை அனுப்பும். அதில் கட்டளையும் இருக்கும், "44 பைட் வாங்க இடம் வைத்திருக்கிறேன்" என்ற எண்ணும் இருக்கும். அப்புறம் தரவு வரும். கடைசியாகப் பெட்டியிடமிருந்து 13 பைட் ரசீது வரும். அந்த ரசீதில் மிச்சத்துக்கென்றே நான்கு பைட் இடம் உண்டு. தரவு குறைந்தால் பெட்டி மீதியை எதையாவது போட்டு நிரப்பி அனுப்பலாம், விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் நிரப்பினாலும் ரசீதில் மிச்சம் 8 என்று எழுதியே ஆக வேண்டும். உங்கள் பெட்டி நிரப்பிவிட்டு மிச்சம் 0 என்று எழுதுகிறது. இது அரிதான கோளாறு அல்ல. ரசீதில் மிச்சத்தைத் தப்பாக எழுதும் பெட்டிகள் நிறைய வந்ததால்தான் லினக்ஸின் யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவரில் "இந்தச் சாதனம் சொல்லும் மிச்சத்தை நம்பாதே" என்று தனியாக ஓர் அமைப்பே இருக்கிறது. உங்களுக்கு அது உதவாது. முழுத் தரவையும் தந்துவிட்டு மிச்சம் இருப்பதாகச் சொல்லும் பெட்டிகளுக்கானது அது. உங்களுடையது இருக்கும் மிச்சத்தை மறைக்கிறது.

எட்டு பைட்டுக்கு இவ்வளவு கவலை ஏன் என்று தோன்றலாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் நாதஸ்வரப் பதிவுகளை இப்படித்தான் யூஎஸ்பி பெட்டி வைத்து எடுத்தேன். பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. மூலச் சிடிக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சில மாதம் கழித்து நிதானமாகக் கேட்டபோது ஆலாபனைக்கு நடுவே சட்டென்று ஒலி நின்று, கண் இமைக்கும் நேரத்தில் திரும்ப வந்தது. ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில். ஆடியோ சிடியில் ஒரு செக்டார் 2352 பைட், ஒரு விநாடிக்கு 75 செக்டார். என் நிரல் ஒரு தடவைக்கு 27 செக்டார் கேட்டது, அதாவது 0.36 விநாடி இசை. கீறல் இருந்த இடத்தில் டிரைவ் பாதியில் நின்றிருக்கிறது. பெட்டி மீதியைப் பூஜ்யத்தால் நிரப்பி எல்லாம் வந்துவிட்டது என்று ரசீது கொடுத்திருக்கிறது. ஆடியோவில் பூஜ்யம் என்றால் மௌனம். திரும்பப் போய்க் கேட்டபோது அந்தச் சிடிக்களில் இரண்டு தொலைந்துபோயிருந்தன. அந்த இரண்டும் எனக்கு இன்றுவரை வலிக்கிறது. எஸ்சிஜிசெக்கை முதலில் ஓட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதனால்தான் "நன்றாகவே கேட்கிறது" என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. கீறல் இல்லாத இடத்தில் எந்தப் பாதையும் நன்றாகத்தான் வேலை செய்யும். சாதனத்தை அணுகும் லைப்ரரிக்கும் அதன் கீழே உள்ளவர்களுக்கும் உண்மையான வேலை, டிரைவ் "முடியவில்லை" என்று சொல்லும்போது அந்தச் சொல்லைச் சிதையாமல் மேலே கொண்டுவருவது. எஸ்சிஜிசெக் வேண்டுமென்றே தோற்கும் ஒரு கட்டளையை அனுப்பிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

சென்ஸ் சோதனை விஷயத்தில் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. கட்டளை தோற்றால் ஏன் தோற்றது என்று டிரைவ் தரும் விளக்கம் அது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால், இரண்டாவது பைட்டின் கீழ்ப்பாதியில் பிழையின் வகை, 12, 13ஆவது பைட்டுகளில் துல்லியமான காரணம். வகை 2, காரணம் 3ஏ என்றால் தட்டில் சிடி இல்லை. வகை 3 என்றால் சிடியிலேயே படிக்க முடியாத இடம். நமக்கு வேண்டியதெல்லாம் முதல் 18 பைட்டுக்குள் முடிந்துவிடுகிறது. யூஎஸ்பி வழியில் லினக்ஸ் வழக்கமாக 18 பைட்தான் கேட்டு வாங்கும், பல டிரைவ்களும் அதற்கு மேல் தருவதில்லை. அந்தக் காலத்து விண்டோஸ் ஆஸ்பி இடைமுகத்தில் இதற்கு ஒதுக்கிய இடமே 14 பைட்தான். 13ஆவது பைட்டோடு சரியாக நின்றுவிடும். ஆகவே 32 பைட் தோல்வியைத் தாராளமாக விட்டுவிடலாம். மிச்சக் கணக்குத் தோல்வியை விடக் கூடாது. இரண்டுக்கும் லாகில் ஒரே சொல்தான் வருகிறது, அதுதான் குழப்பம்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் டிரைவ் சாட்டா என்பதால் வழி சுலபம். சாட்டா போர்ட் உள்ள மேசைக் கணினி யாரிடமாவது இருக்கும். பெட்டியிலிருந்து டிரைவைக் கழற்றி அதில் நேரடியாக மாட்டுங்கள். சிடிரெக்கார்டின் ஸ்கேன்பஸ் ஓட்டி, டிரைவின் முகவரியான பஸ், டார்கெட், லன் மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கும் பட்டியலில் வரக்கூடும், எண்ணை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். எஸ்சிஜிசெக்கை ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டுங்கள். அனுமதி இல்லாமல் திறக்க முடியாமல் போனாலும் பார்ப்பதற்கு லைப்ரரிப் பிழை மாதிரியே இருக்கும். லாக் கோப்பின் பெயரையும் மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் செக்.லாக் என்ற அதே பெயரில்தான் விழும். பெட்டியோடு எடுத்த பழைய லாக் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். மின்சாரம் கொடுத்ததும், சிடியை மாற்றியதும், அடுத்து போகும் கட்டளைக்கு டிரைவ் "நிலைமை மாறிவிட்டது" என்று ஒரு தடவை பிழை சொல்லும். வகை 6, காரணம் 28 அல்லது 29. அது பிழையே அல்ல, மறுபடி ஓட்டினால் போய்விடும். இன்னொன்று, டெஸ்க்டாப்பில் சிடியைத் தானாகத் திறக்கும் சேவை ஒன்று பின்னணியில் டிரைவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சோதிக்கும் நேரத்தில் அதை நிறுத்திவையுங்கள்.

நேரடி இணைப்பில் இரண்டு முறையிலும் 36, 36, 36 என்று வந்துவிட்டால் குற்றம் பெட்டியுடையதுதான் என்று உறுதியாகிவிடும். வராவிட்டால், எஸ்ஜி3 யூட்டில்ஸ் தொகுப்பில் இருக்கும் எஸ்ஜி_ரா கருவியால் அதே ஆறு பைட் கட்டளையை அனுப்பிப் பாருங்கள்: 12 00 00 00 24 00. ஐந்தாவதாக உள்ள 24தான் ஹெக்ஸில் 36. அதற்குப் பதில் வாங்க 44 பைட் இடம் கொடுங்கள். இது லிப்எஸ்சிஜியைத் தொடாமல் நேராகக் கெர்னலுக்குப் போகிறது. அங்கேயும் அதே மாதிரி வந்தால் லைப்ரரிமேல் குற்றமில்லை.

உங்கள் சொந்த நிரலையும் ஒரு தடவை தோற்கடித்துப் பாருங்கள். லினக்ஸ் கெர்னலில் ஸ்கஸி_டீபக் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. நினைவகத்தில் 8 எம்பி அளவுக்குப் போலி டிஸ்க் ஒன்றை உருவாக்கித் தரும். அதன் ஆப்ட்ஸ் என்ற அமைப்பின் மதிப்பை 2 என்று கொடுத்தால் ஹெக்ஸ் 1234, அதாவது 4660ஆம் செக்டாரைப் படிக்கும்போதெல்லாம் சிடியில் கீறல் இருந்தால் வரும் அதே வகை 3 பிழையைத் தரும். அது சிடி அல்ல, சாதாரண டிஸ்க்தான். ஆனாலும் உங்கள் நிரலின் பிழை பார்க்கும் பகுதியை மட்டும் எடுத்து அந்த செக்டாரைப் படிக்கச் சொன்னால், அது நின்று புகார் சொல்கிறதா, பேசாமல் அடுத்த செக்டாருக்குப் போய்விடுகிறதா என்று தெரிந்துவிடும்.

எடுத்துவைத்த 31இல் கீறல் அதிகமுள்ள ஒரு சிடியை முதலில் நேரடி இணைப்பில் எடுங்கள். பழைய கோப்பையும் புதியதையும் அலை வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இசை இருக்கும் இடத்தில் மற்றதில் தட்டையான கோடு இருந்தால் மீதி முப்பதையும் எடுத்துவிடுங்கள். அதுவரை அப்பாவின் சிடி எதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். புதிய லாகை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.