முதுகு எத்தனை மில்லிமீட்டர்? – நூல் வடிவமைப்பு கேள்வி-பதில்

கேள்வி: என் நாவல் வேர்டில் ஏ4 அளவில் 118 பக்கம் இருக்கிறது. சுமார் 40,000 சொற்கள். அட்டை செய்து தருகிறவர், “முதுகு எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேட்கிறார். என்ன சொல்வது? (கும்பகோணம் வாசகி)

பதில்: இப்போதைக்கு எதுவும் சொல்லாதீர்கள். உள்பக்கம் முடிந்து, தாளும் முடிவான பிறகுதான் முதுகின், அதாவது நூலை அலமாரியில் நிறுத்தினால் தெரியும் விளிம்பின், அளவு தெரியும். முன்னட்டையை மட்டும் இப்போதே வரையச் சொல்லலாம்.

கணக்கு இப்படிப் போகும். டெமி அளவு, அதாவது 140 x 215 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 30 வரி, வரிக்கு ஆறு சொல் என்றால் 180 சொல். 40,000 சொல்லுக்குச் சுமார் 222 பக்கம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், சமர்ப்பணம், முன்னுரைக்கு ஒரு 10 சேர்த்தால் 232. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 232 என்பது பதினாலரை ஃபாரம். அரை ஃபாரமும் ஓட்டலாம், ஆனால் 240 ஆக்கிவிட்டால் வேலை சுத்தம். அத்தியாயங்களைப் புதுப் பக்கத்தில் தொடங்கினாலே அந்த எட்டுப் பக்கம் நிரம்பிவிடும்.

240 பக்கம் என்றால் 120 தாள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) மேப்லித்தோ என்ற அச்சுத்தாள் ஒன்று ஏறக்குறைய 0.09 மி.மீ. கனம். 120 x 0.09 = 10.8. அட்டையின் இரு பக்கக் கனம் 0.6 சேர்த்து 11.4 மி.மீ. அதே 70 ஜிஎஸ்எம்மில் ‘பல்க்கி’ தாள் போட்டால், எடை மாறாமலே தாள் 0.12 மி.மீ. வரை உப்பி, முதுகு 15-ஐத் தொடும். தாள் கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் வேறு தாள் போடும்போதுதான் முதுகில் இருக்கவேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு நழுவுகிறது. எந்தத் தாள் என்பதை அச்சகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அதே தாளில் வெற்றாகக் கட்டிய ஒரு ‘டம்மி’ கேட்டு ஸ்கேலால் அளப்பது இன்னும் நல்லது.

எவ்வளவு கவனமாக மடித்தாலும் ஒரு மில்லிமீட்டர் தள்ளும். ஆகவே முதுகுக்கு மட்டும் தனி நிறம் கொடுத்து ஓரத்தில் கோடு கிழித்தாற்போல் நிறத்தை முடிக்காதீர்கள். முன்னட்டை நிறமே முதுகில் வழிந்து வரட்டும்.

கேள்வி: யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தேன். டிடிபி (கணினியில் பக்க அமைப்பு) முடிந்து வந்த பிரதியில் ‘கொடி’, ‘பெயர்’ எல்லாம் சிதைந்திருக்கின்றன. இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் புரியாத தமிழாக வந்துள்ளன. (மதுரை வாசகர்)

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றால், இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பத்தி அமைப்பு மாற்றப்படவில்லை என்று பொருள். பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் காம்போஸர்’ என்பதைத் தேர்ந்தால் சரியாகிவிடும். ஒவ்வொரு பத்தியாக மாற்றாமல் ஸ்டைலிலேயே வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடிக்குறிப்பிலும் பக்கத் தலைப்பிலும் சிதைவு ஒளிந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, எழுத்துரு மாற்றத்தால் வருவது. பேஜ்மேக்கர் என்ற பழைய வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது. அதனால் பல டிடிபி மையங்கள் உரையைப் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றிவிடுகின்றன. அவற்றில் பலவற்றில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான். உரை முழுவதற்கும் அந்த எழுத்துருவைப் போட்டால் நடுவிலுள்ள ஆங்கிலமும் தமிழ் வேஷம் கட்டிக்கொள்ளும். ஸ்ரீ, க்ஷ, மேற்கோள் குறிகள் ஆகியவையும் மாறக்கூடும். மாற்றிய பிறகு ஒருமுறை முழு மெய்ப்பு பார்த்தே ஆகவேண்டும், முன்பு எத்தனை முறை பார்த்திருந்தாலும். மின்னூல் எண்ணம் இருந்தால் யூனிகோடிலேயே செய்பவரைத் தேடுங்கள்.

கேள்வி: வரிகளின் இரு ஓரத்தையும் நேராக்கினால் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டை விழுகிறதே? (ஈரோடு வாசகர்)

பதில்: நம் சொற்கள் நீளம், வரி குறுகல். ஒரு நீண்ட சொல் அடுத்த வரிக்குத் தாவினால் மிச்சமுள்ள நாலு சொல் அந்த இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சொல்லை உடைக்க அனுமதியுங்கள், தமிழில் இணைப்புக்கோடு தேவையில்லை. ஆனால் புள்ளி எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது. ‘வந்திருக்கிறார்கள்’ என்பதை ‘வந்திருக்-கிறார்கள்’ என்ற இடத்தில் உடைக்கலாம், ‘வந்திருக்கிறா-ர்கள்’ என்று உடைத்தால் கண் இடறும். எழுத்து இடைவெளியை இழுத்து நிரப்புவது இதைவிட மோசம். 11 பாயின்ட் (எழுத்தின் அளவு) எழுத்துக்கு 16 பாயின்ட் வரி இடைவெளி கொடுங்கள். குறைத்தால் மேல்வரியின் ‘ளு’, ‘து’ கீழ்வரியின் ‘கீ’, ‘ரீ’யோடு மோதும். எழுத்துருவுக்கு எழுத்துரு 11 என்பதே வேறு அளவாகத் தெரியும் என்பதால், ஒரு பக்கத்தை நிஜ அளவில் அச்செடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கவிதைக்கு இந்தத் தொல்லை இல்லை, இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் மங்கிவிட்டது. பின்னட்டையில் கறுப்பின்மேல் வெள்ளை எழுத்தில் புள்ளிகளே காணோம்! (கோவை வாசகி)

பதில்: திரை ஒளியால் காட்டும் நீலத்தை நான்கு மையால் எட்ட முடியாது. வரையத் தொடங்கும்போதே சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு மை நிறமுறையில் தொடங்கினால் இந்த ஏமாற்றம் இல்லை. புள்ளி காணாமற்போனதற்குக் காரணம், நான்கு மையும் சேர்ந்த கறுப்பில் ஏதோ ஒரு மை இம்மியளவு விலகிச் சின்ன வெள்ளைப் புள்ளியை மூடிவிடுவது. ‘மரம்’ ‘மரம’ ஆகிவிடும். பின்னட்டை வாசகத்துக்குத் தடித்த எழுத்துரு, 10 பாயின்ட்டுக்குக் குறையாமல் வையுங்கள். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் கறுப்பு மை ஒன்று மட்டும் 100 சதவீதம். அச்சான பின் ஓரம் வெட்டுவதற்காக நான்கு புறமும் 3 மி.மீ. கூடுதல் படம் வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

கேள்வி: அட்டைப் படத்துக்குப் பணம் கொடுத்துவிட்டேன். மறுபதிப்புக்கும் அது எனக்குச் சொந்தம்தானே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பணம் கொடுத்த ரசீதை மட்டும் நம்பாதீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மறுபதிப்பு, மின்னூல், வெளிநாட்டு விற்பனை மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிடிஎஃப் மட்டும் வாங்காமல் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த பதிப்பில் விலையும் முதுகும் மாறும்போது அது இல்லாவிட்டால் அட்டையை முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.