‘முள் நீக்கியது’ என்றால் என்ன பொருள்?

கேள்வி: கடையில் வாங்கிய உறைமீன் ஃபில்லெட் உறையில் ‘முள் நீக்கியது’ என்று அச்சிட்டிருந்தும், குழந்தையின் தட்டில் ஒரு சிறு முள் கிடந்தது. ஃபில்லெட் என்று பெயரிட்டு விற்பதற்கு வரையறை ஏதும் இல்லையா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இருக்கிறது. உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் 1963இல் தொடங்கிய ‘கோடெக்ஸ்’ ஆணையம், உறைந்த மீன் ஃபில்லெட்டுகளுக்கென்று 1995இல் ஒரு தரநிலையை ஏற்றது. அதன்படி, ஒரே இன மீனின் உடலிலிருந்து நடுமுள்ளுக்கு இணையாகக் கத்தியை ஓட்டி எடுத்த சதைப்பாளமும், பொதிவதற்கு வசதியாக அதையே நறுக்கிய பகுதிகளும் மட்டுமே ஃபில்லெட் ஆகும். நாம் வஞ்சிரத்தைக் குறுக்கே வெட்டி, நடுமுள்ளோடு வாங்குகிறோமே, அந்த வட்டத் துண்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த வரையறைக்குள் வராது.

இப்படி எடுத்த பாளத்தில், தலைப்பக்கமாகச் சதைக்குள் ஊசி போன்ற சிறுமுட்கள் ஒரு வரிசை தங்கிவிடும். காட் போன்ற மீன்களில் அவ்வரிசையின் இருபுறமும் ‘வி’ வடிவில் கீறி அதை மட்டும் எடுப்பார்கள். அல்லது வயிற்றுப்புறச் சதையையும் சேர்த்து ‘ஜே’ வடிவில் வெட்டித் தள்ளுவார்கள். இரண்டாவது முறையில் சதை கூடுதலாக வீணாகும். எந்த வெட்டு என்பதைப் பற்றித் தரநிலை கவலைப்படுவதில்லை. ஊசிமுட்களையும் எடுத்த பிறகே ‘முள் நீக்கியது’ என்று சொல்லலாம் என்பதுதான் அதன் நிபந்தனை.

ஆனால் அந்தச் சொல்லுக்கு ‘ஒரு முள்கூட இராது’ என்று பொருள் கொள்ள வேண்டாம். 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமோ, 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிமனோ உள்ள முட்கள் கிலோவுக்கு ஒன்றைத் தாண்டினால்தான், சோதனைக்கு எடுத்த மீன் மாதிரி குறையுடையதாகும். 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத நீளமும் 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத தடிமனும் உள்ள முள் கணக்கிலேயே வராது. முதுகெலும்போடு ஒட்டியிருந்த முள்ளடியை விரல் நகத்தால் எளிதாகச் சுரண்டி எடுக்க முடிந்தால் அதையும் விட்டுவிடலாம் என்கிறது அதே தரநிலை. நகத்தை அளவுகோலாக்கிய சட்டமொழியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை! ஏற்றுமதிக்காரர்களுக்கு இது நியாயமான கணக்கு. குழந்தைக்கு ஊட்டுபவருக்குப் போதாது. ஆகவே பனி முழுதும் விட்டபின், தடித்த பகுதியில் விரலை அழுத்தி ஓட்டிப் பார்த்துவிட்டே சமையுங்கள்.

கேள்வி: உருகியபின் நிறுத்தால் எடை குறைகிறதே, பனிக்கட்டிக்கும் சேர்த்தா பணம் கொடுக்கிறோம்? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கொடுக்கக் கூடாது. மீன் காய்ந்துபோகாமலிருக்க அதன்மேல் மெல்லிய பனிப்பூச்சு ஏற்றுவது அனுமதிக்கப்பட்டதே. ஆனால் உறையில் குறிக்கும் நிகர எடை அப்பூச்சை நீக்கிய எடையாக இருக்க வேண்டும். ஆய்வகத்தில், உறைநிலையிலிருந்து எடுத்த உடனே குளிர்ந்த நீரை மெல்லத் தூவி, கண்ணுக்கும் கைக்கும் பனி தட்டுப்படாத நிலை வந்ததும் காகிதத்தால் ஈரத்தை ஒற்றி நிறுப்பார்கள். மீன் முழுதும் உருகியபின் நீங்கள் நிறுத்தால், சதையிலிருந்து வடிந்த நீரும் எடையில் குறைந்துவிடும். ஆதலால் வீட்டு எடையை மட்டும் வைத்துக் கடைக்காரரிடம் வழக்காட முடியாது.

கேள்வி: ஃபில்லெட்டில் புழு இருக்குமா? – அவரே

பதில்: கடல்மீனில் இருக்கக்கூடும். அதனால்தான் 45 விழுக்காடு ஒளி ஊடுருவும் 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டில் சதையைப் பரப்பி, விளக்கொளியில் தேடுகிறார்கள். தம்மைச் சுற்றியுள்ள கூட்டின் குறுக்களவு 3 மில்லிமீட்டரைத் தாண்டிய புழுக்களோ, கூடில்லாமல் 10 மில்லிமீட்டரைவிட நீண்டவையோ கிலோவுக்கு இரண்டு அகப்பட்டாலே குறைதான். நன்கு வெந்த மீனில் எந்தப் புழுவும் உயிரோடு இராது.