முதல் எக்ஸ்பாக்ஸ் ஜெயித்ததா, தோற்றதா? பெங்களூர் நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

2001-ல் சோனியும் நின்டெண்டோவும் ஆண்டுகொண்டிருந்த கன்சோல் (டிவியில் கேம் ஆடும் பெட்டி) சந்தையில் மைக்ரோசாஃப்ட் புது ஆளாக நுழைந்தது. அந்த முதல் எக்ஸ்பாக்ஸைப் பற்றிப் பெங்களூரில் பழைய கன்சோல் வாங்கி, பிரித்து, பழுது பார்க்கும் நண்பர்கள் கேட்டவை இவை. பாதி வியாபாரக் கணக்கு, பாதி ஸ்க்ரூடிரைவர் வேலை.

அல்சூரிலிருந்து: அண்ணா, 2 கோடியே 40 லட்சம் பெட்டி வித்தும் நஷ்டம்னு சொல்றாங்களே, அது எப்படி? வித்தா காசு வரணும்ல?

கன்சோல் வியாபாரத்தில் பெட்டி தூண்டில் மாதிரி. பெட்டியை அடக்க விலைக்கோ அதற்குக் கீழேயோ விற்றுவிட்டு, ஒவ்வொரு கேம் விற்கும்போதும் வெளியீட்டாளரிடம் ராயல்டி வாங்கி ஈடுகட்டுவார்கள். இதைப் பலரும் செய்தார்கள். எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் கணக்கு ஏன் உதைத்தது என்பதற்கு, பெட்டியின் பாகங்கள் யாருடையவை என்று பார்த்தால் போதும்.

பிளேஸ்டேஷன் 2-வின் முக்கியச் சிப்புகள் சோனியின் கையில் இருந்தன. வருடம் போகப் போகச் சிப்பைச் சிறிதாக்கினார்கள். கடைசியில் பிராசஸரையும் கிராஃபிக்ஸையும் ஒரே சிப்பாக்கி, பெட்டியையே ஒல்லியாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு முறை சிறிதாக்கும்போதும் செலவு இறங்கியது. எக்ஸ்பாக்ஸில் இருந்தது 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வகைச் சிப், அது இன்டெலுடையது. கிராஃபிக்ஸ் சிப் என்விடியாவுடையது. இரண்டையும் மைக்ரோசாஃப்ட் கடைச் சரக்கு மாதிரி விலை கொடுத்து வாங்கியது. சிப் டிசைன் கையில் இல்லாததால், அதைச் சுருக்கி, விலை குறைந்த இன்னொரு தொழிற்சாலையில் செய்யச் சொல்ல வழியில்லை. என்விடியா விலையைக் குறைக்க மறுத்ததால் 2002-ல் விவகாரம் நடுவர் தீர்ப்புக்குப் போனது. 2003 பிப்ரவரியில்தான் சமரசம் ஆனது.

மூன்றாவது பாகம், ஹார்ட் டிஸ்க். மோட்டார், தட்டு, ஹெட், உறை என்று எத்தனை சின்னக் கொள்ளளவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சாமான் ஒன்றுதான். ஒரு அளவுக்குக் கீழே விலை இறங்காது. 8 ஜிபி டிஸ்க் கிடைக்காமல் போனபோது 10 ஜிபி டிஸ்க்கைப் போட்டு 8 ஜிபி மட்டும் பயன்படுத்திய பெட்டிகளும் உண்டு.

செலவு இப்படி இறங்க மறுக்கும்போது விலை மட்டும் இறங்கியது. 2001 நவம்பர் 15-ல் அமெரிக்காவில் 299 டாலர். 2002 மே மாதம் சோனி 199-க்கு இறக்கிய மறுநாளே எக்ஸ்பாக்ஸும் 199. 2004 மார்ச்சில் 149. அந்தத் தலைமுறை முழுவதும் சேர்த்து நஷ்டம் சுமார் 400 கோடி டாலர் என்றுதான் பரவலாகக் கணக்கிடப்படுகிறது. அதே தலைமுறையில் பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கும் மேல், நின்டெண்டோவின் கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம். அதாவது புது ஆள் முதல் முயற்சியிலேயே நின்டெண்டோவைத் தாண்டினார். முதலிடத்தைக் கிட்டத்தில் நின்றுகூடப் பார்க்கவில்லை.

ஜீவன்பீமா நகரிலிருந்து: அப்படின்னா ஹார்ட் டிஸ்க் வெச்சதே தப்பா சார்?

கணக்குப் பிள்ளையைக் கேட்டால் தப்பு. விளையாடுகிறவரைக் கேட்டால் இல்லை. பிளேஸ்டேஷன் 2-க்கு 8 எம்பி மெமரி கார்டு தனியாக வாங்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. டிவிடியிலிருந்து அடிக்கடி எடுக்க வேண்டிய டேட்டாவை ஹார்ட் டிஸ்க்கில் கேம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். பாட்டு சிடியை அதில் ஏற்றி, சில கேம்களில் பின்னணியில் ஓடவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஆன்லைனில் புது வரைபடம், திருத்தம் இறக்க ஒரு இடம் இருந்தது.

அடுத்த பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360-ல் பாடத்தைப் பாதி கற்றார்கள். சிப் டிசைன் உரிமையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள், அது சரியான முடிவு. ஹார்ட் டிஸ்க் இல்லாத மலிவு மாடல் ஒன்றையும் விட்டார்கள். அதனால் டிஸ்க் இருக்கும் என்று நம்பி யாரும் கேம் எழுத முடியாமல் போனது. என் கணக்கில் அது பின்வாங்கல்.

காக்ஸ் டவுனிலிருந்து: ஜப்பான்ல ஏன் எடுபடல?

அங்கே மொத்தமாகவே 5 லட்சத்தைத் தொடவில்லை. அந்த ஊர் ரசிகர்கள் கேட்கும் வகைக் கேம்கள் குறைவு, பெட்டி பெரிது, வந்த புதிதில் கேம் டிஸ்க்கில் கீறல் விழுகிறது என்ற புகார் வேறு. முதல் கன்ட்ரோலர் இளநீர் மாதிரி இருக்கும். ஜப்பானுக்காகச் செய்த சின்னக் கன்ட்ரோலர்தான் பிறகு உலகம் முழுக்க நிலைத்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அதையே கேட்டு வாங்குங்கள்.

முருகேஷ்பாளையாவிலிருந்து: 2002-ல நம்ம ஊர்ல நெட் வெச்சிருந்தவங்க பெரும்பாலும் டயல்-அப்தான். அப்போ எக்ஸ்பாக்ஸ்ல ஆன்லைன் ஆட பிராட்பேண்ட் மட்டும்தான்னு அடம் பிடிச்சது ஏன்?

அந்த அடம்தான் அவர்களைக் காப்பாற்றியது. சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலில் டயல்-அப் மோடம் கூடவே வந்தது. டயல்-அப்பில் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் அதிகம், அதுவும் கூடிக் குறையும். துப்பாக்கிச் சண்டைக்கு அது ஆகாது. பேச்சுக் குரலும் அதே கம்பியில் போனால் கேட்கவே வேண்டாம். எக்ஸ்பாக்ஸின் முதுகில் ஈத்தர்நெட் துளை மட்டுமே வைத்தார்கள். எல்லாப் பெட்டியிலும் அது உண்டு என்பதால் கேம் எழுதுகிறவர் நம்பி எழுதலாம். சோனி அடாப்டரைத் தனியாக விற்றது.

எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவை 2002 நவம்பர் 15-ல் தொடங்கியது. 49.99 டாலருக்கு ஒரு வருடச் சந்தாவும் ஹெட்செட்டும். எல்லாக் கேமுக்கும் ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல். சோனி பக்கத்தில் ஒவ்வொரு வெளியீட்டாளரும் தனித்தனிச் சர்வர், தனித்தனிக் கணக்கு வைத்திருந்தார்கள். 2004 நவம்பர் 9-ல் லைவில் ஆடும் துப்பாக்கிச் சண்டைக் கேமான ஹேலோ 2 வந்தபோது முதல் நாளே 12.5 கோடி டாலர் வசூல். இன்று எந்தக் கன்சோலை ஆன் செய்தாலும் தெரியும் நண்பர் பட்டியல் இங்கிருந்து போன வழக்கம்தான்.

விவேக் நகரிலிருந்து: நேஷனல் மார்க்கெட்ல ஒரு பெட்டி பேசி வெச்சிருக்கேன் அண்ணா. வாங்கும்போது என்ன பாக்கணும்?

முதலில் பிளக்கைச் சொருகாதீர்கள். முதல் எக்ஸ்பாக்ஸ் இந்தியாவில் முறையாக விற்கப்படவே இல்லை. 2006 செப்டம்பரில் நேராக 360-தான் வந்தது. ஆகவே கடையில் இருப்பது துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பெட்டியோடு பெட்டியாக வந்தது. அடியில் ஸ்டிக்கரைப் பாருங்கள். 100–120 வோல்ட் என்றிருந்தால் நம் 230-ல் சொருகியதுமே, பவர் பட்டனைத் தொடாவிட்டாலும், உள்ளே பட்டென்று வெடித்து ஃப்யூஸ் போகும். ஏனென்றால் ஸ்டாண்ட்பை சர்க்யூட்டில் எப்போதும் மின்சாரம் ஓடும். அதற்கு 300 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் கிடைக்கும், கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனக்கும். கனமில்லாமல் கைக்கு அடக்கமாக இருக்கும் பயணக் கன்வெர்ட்டரை நம்பாதீர்கள்.

பிறகு பவர் கார்டு. 2005 பிப்ரவரியில் தீப்பிடிக்கும் ஆபத்துக்காக 1 கோடியே 41 லட்சம் பெட்டிகளுக்குக் கார்டு மாற்றித் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பழைய கார்டு இருந்தால் தூக்கி எறியுங்கள்.

ஆன் செய்ததும் விளக்கு பச்சையில் நிற்க வேண்டும். தானே இரண்டு முறை அணைந்து எழுந்து, மூன்றாம் முறை சிவப்பும் பச்சையும் மாறி மாறி அடித்தால் போர்டு கிளம்பவில்லை என்று அர்த்தம். பாதி விலைக்குக் கேளுங்கள், இல்லை எழுந்து வாருங்கள். ஒரு கேம் டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய் இருபது நிமிடம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. டிவிடி டிரைவில் தாம்சன் தயாரிப்பு சீக்கிரம் சோர்ந்துவிடும், சாம்சங் உழைக்கும். சினிமா டிவிடி ஓடவில்லை என்று விலை பேசாதீர்கள், அதற்குத் தனி ரிமோட் செட் வேண்டும். கேம் டிஸ்க்குக்கும் ஏரியா பூட்டு உண்டு. பெட்டி எந்த ஏரியாவுடையதோ அந்த ஏரியா டிஸ்க் வேண்டும்.

கே.ஆர். புரத்திலிருந்து: என் பெட்டி நடு ராத்திரில தானா ஆன் ஆகுது. பேய் பிடிச்சிருச்சா?

பேய்க்குப் பெயர் கடிகாரக் கெப்பாசிட்டர். நேரத்தை நினைவு வைக்க போர்டில் 2.5 வோல்ட், 1 ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. வயதானால் அடியில் கசியும். கசிந்த திரவம் பவர், எஜெக்ட் பட்டன்களுக்குப் போகும் மெல்லிய செம்புத் தடங்களை அரிக்கும். அதனால்தான் தானே எழுவது, எஜெக்ட் அழுத்தினால் கேட்காமல் இருப்பது எல்லாம். 2004-ல் வந்த கடைசி வகை போர்டில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. மற்ற எல்லாவற்றிலும், இன்று நன்றாக ஓடினாலும், எடுத்துவிட வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள், பவர் சப்ளையில் மிச்ச மின்சாரம் இருக்கும். பெட்டியைக் கவிழ்த்தால் 6 திருகு. நான்கு ரப்பர் காலுக்கு அடியில், இரண்டு ஸ்டிக்கருக்கு அடியில். அதற்கு டி20 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட். டி20 என்றதும் சின்னசாமி ஸ்டேடியம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. உள்ளே ஹார்ட் டிஸ்க்கையும் டிவிடியையும் பிடித்திருக்கும் 3 திருகுகளுக்கு டி10. அதில் ஒன்று பட்டை கேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைக் காணாமல் இழுத்து, டிரைவைத் தாங்கும் தட்டை உடைத்தவர்கள் நிறையப் பேர்.

போர்டைக் கழற்றி, கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் முதலில் புது ஈயம் கொஞ்சம் சேர்த்துச் சூடாக்குங்கள். பழைய ஈயம் தனியாக இளகாது, புதியதோடு கலந்தால்தான் வழிவிடும். ஒரு கால், மறு கால் என்று மாற்றிச் சூடாக்கி மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். போர்டைக் கழற்றச் சோம்பல்பட்டு மேலிருந்தே ஆட்டி முறிக்கிறவர்கள் உண்டு. கால் ஒட்டியிருக்கும் செம்புப் பேட் பிய்ந்து வந்தால் வேலை இரட்டிப்பு.

எடுத்த இடத்தில் பழுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போட்டு, பிரஷில் கறை வராத வரை தேயுங்கள். பிறகு மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் கன்டினியூட்டியில் வைத்து, அந்தப் பக்கத் தடங்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பீப் வராத தடத்துக்கு மேல் மெல்லிய கம்பி இழுத்துச் சேர்க்க வேண்டியதுதான். புதுக் கெப்பாசிட்டர் போடாவிட்டாலும் பெட்டி ஓடும். பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் நேரம் மறக்கும், அவ்வளவே. கரண்ட் தரும் பெஸ்காம் புண்ணியத்தில் அது எப்படியும் மறக்கும்.

ஆஸ்டின் டவுனிலிருந்து: வேற பெட்டியோட ஹார்ட் டிஸ்க்க மாத்தினேன், எரர் 06-ன்னு நிக்குது.

டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு பூட்டு உண்டு. அந்தப் பூட்டின் சாவி மதர்போர்டில் இருக்கும் 256 பைட் ஈஈபிராம் என்ற நினைவுச் சிப்பிலிருந்தும் டிஸ்க்கின் சீரியல் எண்ணிலிருந்தும் பிறக்கிறது. ஆகவே அடுத்த பெட்டியின் டிஸ்க் இங்கே திறக்காது, அதுதான் 06. பூட்டே போடாத புது டிஸ்க் வைத்தால் 05. டிஸ்க் பதில் சொல்லவே இல்லையென்றால் 07.

பழைய டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே ஈஈபிராமைப் பிரதி எடுத்து, கம்ப்யூட்டரிலும் பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் புது டிஸ்க்கை அதே சாவியால் பூட்டலாம். டிஸ்க் செத்த பிறகு கேட்டால் சிப்பிலிருந்து ரீடர் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். பின்னாளில் வந்த சாட்டா வகை டிஸ்க் போடுவதானால் அடாப்டரோடு 80 கம்பிப் பட்டை கேபிளும் மாற்றுங்கள்.

பி.டி.எம். லேஅவுட்டிலிருந்து: ப்ரோ, பீஜில நாலு பேர்கிட்ட பெட்டி இருக்கு. லைவ் இல்லாம சேர்ந்து ஆட முடியுமா?

தாராளமாக. பழைய பெட்டிக்கான லைவ் 2010 ஏப்ரல் 15-ல் மூடப்பட்டது, ஆனால் பெட்டிகளைக் கேபிளால் இணைத்து ஆடும் சிஸ்டம் லிங்க்குக்கு இன்டர்நெட்டே வேண்டாம். நான்கு பெட்டி, நான்கு டிவி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஹேலோ டிஸ்க், சாதாரண 100 எம்பி சுவிட்ச் ஒன்று, நான்கு சாதாரண (நேர்) நெட்வொர்க் கேபிள். பெட்டிக்கு நாலு பேர் என்று 16 பேர் ஆடலாம். இரண்டே பெட்டி என்றால் சுவிட்ச் வேண்டாம், கம்பிகளை மாற்றிக் கோத்த கிராஸ்ஓவர் கேபிள் ஒன்று போதும். நேர் கேபிளை நேரடியாகப் போட்டுவிட்டு "தெரியல" என்பதுதான் வழக்கமான புகார்.

தம்பி ஒருத்தர், ஹெப்பாலிலிருந்து: இன்னிக்குப் புதுசா ஒருத்தர் உள்ள வர முடியுமா அண்ணா?

வந்தவர்களைப் பாருங்கள் தம்பி. ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் கடையை நடத்தும் வால்வ் 2015-ல் ஸ்டீம் மெஷின் என்று பல கம்பெனிகளை வைத்துப் பெட்டி விட்டது. அவை விண்டோஸில் அல்ல, லினக்ஸில் ஓடின. லினக்ஸில் ஓடும் கேம் குறைவு, எடுபடவில்லை. 2018-ல் விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைக் கொண்டுவந்து, 2022 பிப்ரவரியில் 399 டாலர் தொடக்க விலையில் ஸ்டீம் டெக் என்ற கைக்கன்சோலை விட்டது. கடையும் கேமும் முன்பே கையில் இருந்தன. கேம் எழுதுகிறவர்களைத் தனியாக மாற்றி எழுதச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் ஹேலோவுக்காக 2000-த்தில் அதை எழுதிய பங்கி நிறுவனத்தையே வாங்க வேண்டியிருந்தது, 2002-ல் ரேர் நிறுவனத்துக்கு 37.5 கோடி டாலர் கொடுத்தது. பெட்டியைவிட அதில் ஓட என்ன இருக்கிறது என்பதுதான் செலவு.

அல்சூர் நண்பரே மறுபடியும்: டிவிடி டிரே பாதில நிக்குது அண்ணா, கையால இழுத்தா வருது.

உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கழற்றி வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டால் கொஞ்சம் சுருங்கும், சில வாரம் ஓடும். பெல்ட் சுற்றும் சக்கரத்தையும் ஆல்கஹாலில் துடைத்து வையுங்கள். அதற்குள் அதே சுற்றளவில் புது பெல்ட் வாங்கிவிடுங்கள், பழையதைக் கையோடு எடுத்துப்போய் அளந்து.