மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கினால் பிரேக் கூடுமா?

கேள்வி: என்னுடையது 1990 மஸ்டா எம்எக்ஸ்-5. பெடல் பாதி தூரம் போன பிறகுதான் பிரேக் பிடிக்கிறது. 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதியைப் பிரேக் ஒயிலின் அழுத்தமாக்கும் உருளை) கழற்றிவிட்டு 15/16 பூட்டினால் பிரேக் பலமாகும் என்கிறார்கள். பூட்டலாமா? (கல்லடி வாசகர்)

பதில்: பூட்டலாம். ஆனால் பலம் கூடாது, பெடல் கெட்டியாகும், அவ்வளவுதான். பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 15 வீதம் கூடுவதால், அதே மிதிக்குக் கூடுதல் ஒயில் போகும்; பெடல் மேலேயே பிடிக்கும். லைனில் (ஒயில் குழாயில்) வரும் அழுத்தமோ அதே கால் பலத்துக்குச் சுமார் 13 வீதம் குறையும். பெரிய கலிப்பர் (சில்லில் பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) மாட்டியவர்களுக்குத்தான் இது உண்மையில் தேவை. பழைய கலிப்பருடன் 1 அங்குலம் பூட்டினால் கல்லை மிதிப்பதுபோல இருக்கும்.

காசைச் செலவழிக்க முதல் பின் கலிப்பரைப் பாருங்கள். இந்தக் காரில் பெடல் தாழ்ந்தால் முதல் சந்தேகம் அதில்தான். கைப்பிரேக் கேபிளைத் தளர்த்தி, கலிப்பரின் பின்புறமுள்ள 14 மி.மீ. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. அலன் கீ போகும் ஸ்குரூ இருக்கிறது. பேட் டிஸ்க்கில் முட்டும்வரை வலப்பக்கம் திருகி, மூன்றில் ஒரு சுற்றுத் திரும்ப எடுங்கள். மிதிக்கும்போது ஊதுகிற பழைய றப்பர் ஹோஸ் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பாதிப் பேருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

கேள்வி: 15/16 பூட்டியாயிற்று. பெடல் நன்றாக இருக்கிறது. ஆனால் கல்முனை வரை ஓடியதும் சில்லுகள் கொதிக்கின்றன, கார் இழுபடுகிறது. (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள். பூஸ்டரிலிருந்து (கால் பலத்தைப் பெருக்கும் பாகம்) சிலிண்டருக்கு வரும் தள்ளுகம்பி நீளமாகிவிட்டது போலிருக்கிறது. பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராவிட்டால், ஒயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துவாரம் மூடியபடியே இருக்கும். சூட்டில் விரியும் ஒயிலுக்குப் போக வழியில்லை. பிரேக் தானாகவே இறுகும்.

பிரேக் இறுகி நிற்கும்போதே, பூஸ்டரில் சிலிண்டரைப் பிடிக்கும் இரு நட்டுகளையும் சில சுற்றுத் தளர்த்துங்கள். சில்லு விட்டால் குற்றவாளி கம்பிதான். விடாவிட்டால் சிலிண்டரில் லைன் நட்டைத் தளர்த்துங்கள்: அப்போது விட்டால் சிலிண்டருக்குள் கோளாறு. கலிப்பரின் பிளீட் நிப்பிளை (காற்று எடுக்கும் திருகு) திறந்தால்தான் விடுகிறது என்றால், உள்ளே ஒட்டிப்போன ஹோஸ்.

கம்பியைச் சரிபார்க்க, நுனியில் சிறு உருண்டை பிளாஸ்டிசின் (பிள்ளைகள் விளையாடுவதுதான்) வைத்து, சிலிண்டரைப் பூட்டிக் கழற்றி, நசுங்கியதன் தடிப்பை அளங்கள். அரை மி.மீ. அளவு இருந்தால் போதும். கூடினால் பெடலில் வெறும் ஆட்டம். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் நுனி நட்டைத் திருகிக் கம்பியைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: புதுச் சிலிண்டரில் காற்று எடுப்பது எப்படி? எந்த ஒயில்? (ஏறாவூர் வாசகர்)

பதில்: காரில் பூட்ட முதல் வைஸில் மட்டமாகப் பிடித்து, இரு துவாரத்திலும் சிறு குழாய் மாட்டித் தொட்டிக்கே திருப்பி, குமிழி நிற்கும்வரை மெதுவாகத் தள்ளுங்கள். இதைத் தவிர்த்தால் பிறகு எத்தனை போத்தல் ஊற்றினாலும் பெடல் பஞ்சாகத்தான் இருக்கும். லைன் நட்டுக்கு 10 மி.மீ. ஃப்ளேர் ஸ்பானரே பாவியுங்கள். கடற்காற்றில் துருவேறிய நட்டைச் சாதா ஸ்பானர் உருட்டிவிடும். காரில் பூட்டியபின் சில்லுகளில் காற்று எடுக்க, வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை.

டொட் 4 (DOT 4) தரப் பிரேக் ஒயில் போடுங்கள். உலர்ந்த நிலையில் குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஈரம் குடித்தபின் அது 155 வரை இறங்கலாம். நம் கரையோர ஈரக்காற்றில் திறந்து வைத்த போத்தலை மறுபடி பாவிக்கவே வேண்டாம். சிலிக்கோன் டொட் 5ஐக் கலக்கவும் கூடாது. பெயின்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.