பாம்புத்தாராவுக்கு ஒரே ஒரு வரி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். தினமும் காலையில் ஊர்க்குளத்தில் பறவை பார்ப்பேன். நீட் எழுத வேண்டியவன் கொக்கு பார்க்கிறாயா என்று அப்பா திட்டுகிறார். ஆசிரியர் வகுப்பில் என்னைக் ‘கொக்கு’ என்றே கூப்பிடுகிறார். நேற்று ஒரு பாம்புத்தாரா சிறகை விரித்து வெயில் காய்ந்ததைப் பார்த்து நின்றதில் பள்ளிக்குத் தாமதமாகிவிட்டது. இதையெல்லாம் விட்டுவிடட்டுமா? (சுருக்கப்பட்டது)

அன்புள்ள தம்பி,

உன் முழுக் கடிதம் மூன்று பக்கம். அதில் பாம்புத்தாராவுக்கு ஒரே வரி. அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

நீட் தேர்வை எழுது; அதற்கும் குளத்துக்கும் பகையில்லை. பறவையால் பிழைப்பு நடக்குமா என்று அப்பா கேட்டால், கோவை ஆனைகட்டியில் பறவைகளை ஆராய்வதற்கென்றே பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரில் ஒரு மையம் இருப்பதைச் சொல். ஒரு பிள்ளையின் ஆர்வத்தைப் பட்டப்பெயராக்கி வகுப்பைச் சிரிக்க வைப்பது ஆசிரியர் செய்யும் வேலையல்ல. உன்னால் அதை அவரிடம் சொல்ல முடியாது என்பதால் நான் இங்கே சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடமும் ஒரு நோட்டு இருந்தது. எங்கள் ஊர்க் குளத்துக்கு வரும் பறவைகளை அதில் எழுதிவந்தேன். ஓர் ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்து, சிவப்பு மையில் ‘வெட்டி வேலை’ என்று குறுக்கே எழுதிக் கொடுத்தார். அன்றோடு நிறுத்திவிட்டேன். இன்று அந்தக் குளம் இருந்த இடத்தில் பேருந்து நிலையம் நிற்கிறது. அங்கே எந்தப் பறவை எந்த மாதத்தில் வந்தது என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை. அந்தச் சிவப்பு மையை எப்போதோ மன்னித்துவிட்டேன், நான் நிறுத்தியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாலிம் அலி சிறுவனாகச் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. அது என்ன குருவி என்று கேட்டுவந்தவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்ட் விரட்டாமல், அதன் பெயரைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். உனக்கும் அப்படி ஒருவர் வாய்க்கட்டும். ஆனால் மில்லார்ட் வாய்த்தவருக்கும் பிற்காலத்தில் பட்டமில்லை என்று ஒரு வேலை மறுக்கப்பட்டது. ஜெர்மனியில் பயின்று 1930இல் திரும்பியபோது, பம்பாய் அருங்காட்சியகம் ஒன்றில் அவருக்கு இருந்த வேலையும் போயிருந்தது. வேலையற்று அலிபாக் அருகே கிஹிமில் தங்கியிருந்த அந்த நாட்களில்தான் அவர் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் வந்து சோதித்து ஏற்றுக்கொண்ட பிறகே மீதியை முடிக்கிறது. முடித்ததும் வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. நாள்தோறும் உட்கார்ந்து குறித்துக்கொண்டதால்தான் இது அவருக்குப் புலப்பட்டது.

உன்மேல் எனக்குக் கோபம் இங்கேதான். அப்பா எந்தக் கிழமை என்ன சொன்னார் என்பதையெல்லாம் வரிசையாக எழுதத் தெரிந்த உனக்கு, பாம்புத்தாரா எந்த மரத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தது என்று எழுதத் தோன்றவில்லையே! பெரியவர்களின் பேச்சு உன் கடிதத்தில் அந்தப் பறவையைவிட அதிக இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. பாம்புத்தாராவின் சிறகு நீரில் ஊறிவிடும். அதனால்தான் அது எளிதாக மூழ்கி மீன் பிடிக்கிறது, அதனால்தான் மேலேறிக் காயவும் வேண்டியிருக்கிறது. காய எவ்வளவு நேரமாகிறது? மேகமூட்டமான நாளில் என்ன செய்கிறது? ஒரு மாதம் பார்த்துக் குறித்துவிட்டு, அதை மட்டும் எனக்கு எழுது.