கியோத்தோவில் ஓராண்டு: வாசகர் கேள்விகள்

2009 அக்டோபர் முதல் ஓராண்டு கியோத்தோவில் பரிமாற்ற மாணவியாக இருந்து, இப்போது கோவையில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: செப்டம்பரில் ஓராண்டுப் பரிமாற்றத்தில் கியோத்தோ போகிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் நான்காம் நிலை முடித்திருக்கிறேன். முன்பு போய்வந்த அக்கா ஒருவர், விடுதியில் எல்லோரும் ஆங்கிலமே பேசியதால் தனக்குப் பேச்சே வரவில்லை என்கிறார். எனக்கும் அப்படி ஆகிவிடுமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: கவனமாக இல்லாவிட்டால் ஆகும். என் முதல் மூன்று மாதங்கள் அப்படித்தான் போயின. விடுதியில் தாய்லாந்து, ஜெர்மனி, பிரேசில் நாட்டுப் பிள்ளைகள். வகுப்பில் கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளை எழுதுவோம். சமையலறைக்கு வந்ததும் ஆங்கிலம். கியோத்தோவின் நடுவில் இருந்துகொண்டு, கடைக்காரரைத் தவிர ஒரு ஜப்பானியரிடமும் பேசாமல் நாள் போகும்.

டிசம்பரில் விடுதிக் குளியலறையில் வெந்நீர் நின்றுபோனது. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர் அது. குளிர் தரையிலிருந்து கிளம்பி எலும்புக்குள் ஏறும். வேறு வழியில்லாமல் காமோ ஆற்றுக்கு அருகில் இருந்த செந்தோவுக்குப் போனேன். செந்தோ என்றால் கட்டணம் கொடுத்துக் குளிக்கும் பொதுக் குளியலகம். நேராகத் தொட்டியில் இறங்கப் போன என்னை ஒரு பாட்டி கையைப் பிடித்து நிறுத்தி, தாழ்வான முக்காலியைக் காட்டினார். முதலில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் தொட்டி. அந்த நீர் எல்லோருக்கும் பொது, சோப்பும் துண்டும் அதில் படக்கூடாது.

வெந்நீர் சரியான பிறகும் வாரம் மூன்று நாள் போனேன். அதே நேரம், அதே பாட்டிகள். நேரத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். தெரிந்த முகமாக ஆவதற்கு அதுவே வழி. கிளம்பும்போது ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்து 'ஒசாகி நி' என்பார்கள்: உங்களுக்கு முன்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். பாடத்தில் படித்த சொல்தான். யாரிடம், எந்தக் குரலில் சொல்வது என்பதை அந்தப் பாட்டிகளிடம் கற்றேன்.

ஜனவரியில், மரபு முறைப்படி தேநீர் வழங்கிப் பருகும் சடங்கைப் பழகும் பல்கலைக்கழகத் தேநீர்க் குழுவில் சேர்ந்தேன். என்னைத் தவிர எல்லோரும் ஜப்பானியர்கள். கிண்ணம் கைக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவரை வணங்கி அதே 'ஒசாகி நி' சொல்ல வேண்டும். பிறகு கிண்ணத்தின் முகப்பில் வாய் படாதபடி அதைத் திருப்பிக் குடிக்க வேண்டும். குளியலகத்துச் சொல் தேநீர் அறையில் மறுபடி வந்தபோது என் கண்கள் நிறைந்துவிட்டன. ஆகவே மாணவர் குழு ஒன்றில் சேருங்கள். சர்வதேச நட்புக் குழு வேண்டாம். அங்கே மறுபடியும் ஆங்கிலம்தான். வில்வித்தை, சேர்ந்திசை, தேநீர் என்று கைக்கும் வாய்க்கும் வேலை தருவதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் இங்கே படிப்பது தோக்கியோ உச்சரிப்பு. 'ஹஷி' என்ற சொல்லில் முதல் அசையை உயர்த்தினால் தோக்கியோவில் உணவுக் குச்சி. கியோத்தோவில் அது பாலம். குழம்பினாலும் பேச்சை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் மகன் சுத்த சைவம். அங்கே பட்டினி கிடப்பானோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: பட்டினி கிடக்க மாட்டான் அம்மா. ஆனால், காய்கறி மட்டும் தெரிகிற கிண்ணத்திலும் மீன் இருக்கும். 'தாஷி' என்ற அடிப்படைச் சாற்றைப் பெரும்பாலும் கத்சுஒபுஷியில் எடுக்கிறார்கள். சூரை வகை மீனை வேகவைத்து, புகையூட்டி உலர்த்திச் சீவியது அது. நம் மாசிக் கருவாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், நூடுல்ஸ் குழம்பு எல்லாவற்றிலும் அது உண்டு. 'இது சைவமா?' என்று கேட்டால், இறைச்சி இல்லை என்ற எண்ணத்தில் ஆம் என்பார்கள். 'கத்சுஒபுஷி ஹய்த்தே இமசு கா' (கத்சுஒபுஷி சேர்த்திருக்கிறதா) என்று கேட்கச் சொல்லுங்கள். பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலில் கொம்பு என்ற கடற்பாசியும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானும்தான் சாறு. கியோத்தோ அதற்குப் பெயர்பெற்ற ஊர். தினசரிக்கு அவனே சமைக்கப் பழகட்டும். தெமாச்சி பக்கத்துக் கடைத்தெருவில் நான் டோஃபு (சோயாப் பால் கட்டி) வாங்கிய கடையின் அம்மாள்தான் எனக்குக் கியோத்தோ வழக்கில் 'ஓக்கினி' என்று நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தவர். பெருங்காயம் மட்டும் இங்கிருந்தே கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று படித்தேன். உண்மையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) பல ஆண்டுகள் அந்த உறவுக்காக வாதிட்டார். உங்கள் ஊர்ப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவருடன் சேர்ந்து உழைத்தவர்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சொற்களின் ஒப்புமை போதாது என்பதால் நானும் ஏற்கவில்லை.

உறவு இல்லை என்பதால் உதவி இல்லை என்று ஆகிவிடாது. 'தபெதெ மிரு' என்பதில் தபெதெ என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார்: சாப்பிட்டுப் பார். 'ஷிதெ ஒகு' என்றால் செய்து வை. 'வதஷி மோ' என்றால் நானும். இதை ஆங்கிலப் பாடநூலில் படிக்கிற மாணவனுக்கு இரண்டு பக்க விளக்கம் வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வரி போதும். கோரே, சோரே, ஆரே, டோரே என்பவை இது, உது, அது, எது. 'உது' எங்கள் பேச்சில் மறைந்துவிட்டது, நீங்கள் இன்னும் சொல்கிறீர்கள். கேட்பவருக்கு அருகில் உள்ளதைச் சுட்டும் சோரே உங்களுக்கு எங்களைவிட எளிதாக வரும். 'பிகாபிகா' என்றால் பளபள; இரட்டைக்கிளவி படித்தவருக்கு இது புதிதல்ல.

எழுத்து வரிசையைப் பாருங்கள்: அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ முற்காலத்தில் ப. நம் வரிசையோடு ஒத்துப்போவது தற்செயல் இல்லை; ஜப்பானியப் பௌத்தத் துறவிகள், வடமொழியை எழுதப் பயன்பட்ட 'சித்தம்' என்ற எழுத்துமுறையைப் பயின்றதன் தடம் அது.

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஜப்பானியர் 'இத்தே கிமசு' என்கிறார். இத்தே, போய், கிமசு, வருகிறேன். இதை ஆங்கிலத்தில் பெயர்த்துப் படிக்கிற மாணவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கிறது. பாட்டி வீட்டு வாசலில் நாம் தினமும் சொன்ன சொல் அல்லவா?

கேள்வி: அனிமே (ஜப்பானிய அசைபடம்) பார்த்தே பேசக் கற்கலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், மதுரை

பதில்: காது பழகும், பாருங்கள். அதில் வரும் 'ஒரே', 'ஒமாஎ' போன்ற நான், நீ சொற்களை மட்டும் ஆசிரியரிடம் சொல்லாதீர்கள் தம்பி. மிகவும் முரட்டுத்தனமாகப் படும்.

கேள்வி: தங்கப்போகும் வீட்டாருக்கு என்ன பரிசு கொண்டு போவது?
– ஆய்வு மாணவி, புதுச்சேரி

பதில்: சிறியதாக, தனித்தனியாகப் பொதிந்ததாக. விலை உயர்ந்ததைக் கொடுத்தால் ஈடான பதில் பரிசுக்காக அவர்கள் அலைய நேரும். பழமும் இறைச்சி கலந்த பண்டமும் விமான நிலைய ஆய்வில் நின்றுவிடலாம். நான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொண்டு போயிருந்தேன். டோஃபுக் கடை அம்மாளுக்கும் இரண்டு பொட்டலம் கொடுத்தேன். மறுநாள் அங்கே டோஃபு வாங்கி விடுதிக்கு வந்து பையைத் திறந்தால், நான் வாங்காத ஒரு வறுத்த டோஃபு தாளில் சுற்றி அடியில் இருந்தது.